அடும்பும் ஆமையும்: மணற்கரையில் காவல் நிற்பவர்களுக்கு

அகநானூற்றின் 160ஆம் பாடலில் ஒரு கடலாமை வருகிறது. சூல் நிறைந்த அந்த ஆமை அடும்புக் கொடி சிதைய மணல்மேட்டில் ஏறி, முட்டைகளை மறைவாகப் புதைக்கிறது. குஞ்சு பொரியும் வரை அதன் ஆண் துணை அங்கே காவல் இருப்பதாகப் புலவர் சொல்கிறார்.

கொடி, மணல்மேடு, புதைத்த முட்டை எல்லாம் இன்றும் பாடலில் உள்ளபடியே நம் கரையில் இருக்கின்றன. காவல் மட்டும் புலவரின் கற்பனை. ஆண் ஆமை முட்டையைக் காக்கக் கரையேறி வருவதில்லை. பெண் ஆமையும் குழியை மூடிக் கடலுக்குத் திரும்பிவிட்டால் பிறகு அந்த இடத்தை எட்டிப் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 45 முதல் 60 நாள் வரை அந்த நூற்றுச் சொச்சம் முட்டைகளுக்கு மணலும் இருட்டுமே துணை. தெருவிளக்கும் நாய்க்கூட்டமும் வண்டிகளும் கரைக்கு வராத காலத்தில் அந்தத் துணை போதுமானதாக இருந்தது. இன்று போதவில்லை. பாடலில் ஆண் ஆமைக்குக் கொடுத்த காவல் வேலை காலியாகக் கிடக்கிறது. அதை ஏற்க வருபவர்களுக்காக எழுதியது இந்த அத்தியாயம்.

சென்னையில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். நாட்டிலேயே நெடுங்காலமாகத் தன்னார்வலர்கள் நடந்துவரும் கரைகளில் அது ஒன்று. 1970களின் தொடக்கத்தில் ராமுலஸ் விட்டேக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும் இரவில் ஆமைத் தடம் தேடி இங்கே நடந்தார்கள். அந்த நடையில் சேர்ந்த சதீஷ் பாஸ்கர், சென்னை ஐஐடியில் பொறியியல் படிக்க வந்தவர். பிறகு இந்தியக் கடற்கரையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்நடையாகவே அளந்து, கடலாமைகள் முட்டையிடும் இடங்களைப் பதிவு செய்தார். 1988இல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு தொடங்கியது. ஒவ்வொரு பருவத்திலும் அதன் தன்னார்வலர்கள் இரவுதோறும் நடக்கிறார்கள். 2002இல் சுப்ரஜா தாரணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், மீனவ ஊர்களின் இளைஞர்களையே காவலர்களாகப் பழக்கியது. உங்கள் ஊர் வேறாக இருக்கலாம். மணலும் கொடியும் ஆமையும் உள்ள எந்தக் கரைக்கும் இந்த முறைகள் பொருந்தும்.

1. முதல் மாதம் கரையைப் படியுங்கள்

தொண்டு என்றதும் சாக்குப் பையோ மண்வெட்டியோ எடுக்கக் கை பரபரக்கும். முதல் மாதம் எதையும் எடுக்க வேண்டாம். விடியற்காலையில் ஒரே இடத்துக்குப் போய், நீரோரத்திலிருந்து ஊர்ப்பக்கமாக மெல்ல நடந்து பாருங்கள். கரை பட்டை பட்டையாகப் பிரிந்திருப்பது தெரியும்.

முதலில் அலை நனைக்கும் ஈர மணல். சிறு நண்டுகளும், அவற்றையும் புழு பூச்சிகளையும் தேடி ஓடும் உள்ளான் பறவைகளும் அங்கே இருக்கும். அடுத்தது அலை எட்டாத காய்ந்த மணல். ஆமை முட்டையிடுவது பெரும்பாலும் இந்தப் பட்டையில்தான். உப்புக்கொத்தியும் கூடு எதுவும் கட்டாமல் இந்த வெறும் மணலிலேயே முட்டையிடும். மணல் நிறத்தில் இருக்கும் அந்த முட்டைகள் காலடிக்கு வந்த பிறகும் கண்ணில் படாது. மூன்றாவது, கொடி படர்ந்த மணல்மேடு. அதற்கும் பின்னால் தாழை, புன்னை, பூவரசு, பனை.

மணல்மேட்டைக் கட்டுவது அடும்பு. ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த இலை, ஊதாப் பூ. தரையோடு ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டு, காற்று அள்ளிவரும் மணலைப் பிடித்து நிறுத்துகிறது. மணல் மூட மூடக் கொடி மேலே வருகிறது, மேடும் வளர்கிறது. பக்கத்திலேயே ஊசி ஊசியாக நிற்கும் புல் இராவணன் மீசை. அதன் முள்பந்து போன்ற கதிர் முற்றியதும் காற்றில் உருண்டோடி விதை பரப்பும். குப்பத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள், அதைத் துரத்தி விளையாடாதவர்கள் இருக்க மாட்டார்கள்.

இந்த மேடு கடலுக்கும் ஊருக்கும் நடுவே உள்ள மணல் சேமிப்பு. புயல் நாளில் கடல் இதிலிருந்து மணலை எடுத்துக்கொள்கிறது. அமைதியான மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறது. மேட்டைச் சமப்படுத்தி நடைபாதை போட்ட இடத்தில், கடல் எடுப்பதற்கு ஊர்தான் மிஞ்சுகிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளையும் ஆமை முட்டையிடும் இடங்களையும் மிகக் கூடுதலான பாதுகாப்புக்குரிய முதல் வகையில் சேர்த்திருக்கிறது. மனு எழுதும்போது இந்த ஒரு வரி கைகொடுக்கும், நினைவில் வையுங்கள்.

மாத முடிவில் உங்கள் குறிப்பேட்டில் மூன்று கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். காய்ந்த மணல் எத்தனை அடி அகலம்? கொடி எங்கே தொடங்கி எங்கே அறுபடுகிறது? இரவில் நீரோரத்தில் நின்றால் எந்தெந்த விளக்குகள் கண்ணில் படுகின்றன?

2. ஆண்டின் வேலைக் கணக்கு

*ஜூலை முதல் செப்டம்பர் வரை:* பேச்சுக் காலம். ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்ப்பது, வனத்துறை அலுவலகத்தில் அறிமுகமாவது, பள்ளிகளில் பேசுவது எல்லாம் இப்போதே முடிய வேண்டும்.

*அக்டோபர், நவம்பர்:* வடகிழக்குப் பருவமழை. கொடி நடும் காலம்.

*டிசம்பர்:* விளக்குக் கணக்கெடுப்பு. கரையில் புதைந்து கிடக்கும் அறுந்த வலைகளை அகற்றுதல்.

*ஜனவரி முதல் மார்ச் வரை:* முட்டையிடும் பருவம். இரவு நடை.

*மார்ச் முதல் மே வரை:* குஞ்சு பொரியும் பருவம்.

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை நீள்கிறது. ஆமைகள் கரையை நாடி வருவதோ ஜனவரியிலிருந்து. தடை தொடங்கும் நாளில் அவற்றில் பெரும்பாலானவை முட்டையிட்டு முடித்திருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் ஆமைகள் ஏன் செத்து ஒதுங்குகின்றன என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள்.

3. இரவு நடை

நம் கரைக்கு அதிகம் வருவது பங்குனி ஆமை. ஓடு இரண்டடிக்குச் சற்றே கூடுதலான நீளம், எடை 35 முதல் 45 கிலோ. இந்தியக் கடலில் பேராமை, அழுங்காமை போன்றவையும் உண்டு என்றாலும் சென்னைக் கரையில் நீங்கள் பார்க்கப் போவது அநேகமாக இதைத்தான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிர் இது. ஆமையைத் தொடுவதும் முட்டையை எடுப்பதும் குற்றம். வனத்துறையின் அனுமதி பெற்ற குழுவோடு மட்டுமே நடக்க வேண்டும். தனியாகவோ நண்பர்களோடு சேர்ந்தோ புதிதாக ஒரு நடையைத் தொடங்கிவிடாதீர்கள்.

கொண்டு போக வேண்டியவை குறைவு: கருநிற உடை, குடிநீர், குறிப்பேடு, அளவு நாடா, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச். கேமரா வேண்டாம். கைபேசி சட்டைப்பையிலேயே இருக்கட்டும். நள்ளிரவை ஒட்டித் தொடங்கும் நடை ஏழு கிலோமீட்டர், மணலில். முந்தின பகலில் தூங்கியிருப்பது நல்லது.

தேடுவது தடத்தை. பங்குனி ஆமை முன்துடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து ஏறுவதால், டிராக்டர் சக்கரம் போன தடம் போல, இடமும் வலமும் மாறி மாறி விழுந்த கோடுகள் நீரிலிருந்து மேலேறும். இறங்கும் தடம் வேறாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மணல் கலைந்து கிடந்தால் அங்கே முட்டை இருக்க வாய்ப்பு உண்டு. கலையாமல் வளைந்து திரும்பியிருந்தால் ஆமை எதற்கோ மிரண்டு போய்விட்டது என்று பொருள்.

அப்படி ஒரு திரும்பிய தடத்துக்கு நானே காரணமாக இருந்திருக்கிறேன். என் முதல் இரவு அது. அலையிலிருந்து கரிய உருவம் ஒன்று எழுவதைக் கண்டதும் ஆசையில் வெள்ளை டார்ச்சை அடித்துவிட்டேன். பின்னால் வந்த குப்பத்து அண்ணன் என் கையைப் பிடித்துத் தாழ்த்தினார். “லைட்ட அணை தம்பி. வயித்துல முட்டையோட வந்திருக்கு, திரும்பிப் போகுது பாரு” என்றார். அது போயேவிட்டது. பிறகு எங்கே ஏறியதோ, அந்த இடம் அதற்கு ஏற்றதாக இருந்ததோ, தெரியாது. அன்று முதல் என் பையில் வெள்ளை டார்ச் இல்லை.

ஆமையைக் கண்டால் அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். அது இடம் தேடும்போதும் குழி தோண்டும்போதும் சின்ன அசைவுக்கும் மிரளும். முட்டையிடத் தொடங்கிய பிறகு அவ்வளவு எளிதில் கலையாது. அப்போதும் பின்பக்கமாக, தள்ளியே நில்லுங்கள். பின்துடுப்புகளை அகப்பை போல வளைத்து மணலை அள்ளி, ஒன்றரை அடி ஆழத்தில் குடுவை போன்ற குழியை அது அமைக்கும் நேர்த்தியைப் பாருங்கள். கண்ணிலிருந்து நீர் வழியும். உடலில் சேர்ந்த உப்பை வெளியேற்றும் வழி அது. மூடி முடித்ததும் உடலை இடமும் வலமுமாக அடித்து மணலை இறுக்கும். அந்த ஓசையை ஒருமுறை கேட்டவர்கள் அடுத்த ஆண்டும் நடக்க வருவார்கள்.

4. முட்டையும் பொரிப்பகமும்

இட்ட இடத்திலேயே முட்டை பொரிவதுதான் முதல் தேர்வு. நாய் தோண்டும், கூட்டம் மிதிக்கும், அலை அடித்துப் போகும் என்ற நிலையில் மட்டுமே பயிற்சி பெற்றவர்கள் அதை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். சில மணி நேரத்துக்குள் மாற்றியாக வேண்டும். அதற்குப் பிறகு கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். முட்டையைப் புரட்டினாலோ குலுக்கினாலோ அது மடியும். அதனால்தான் எடுத்த நிலை மாறாமல் வைத்து, அதே ஆழத்தில், அதே குடுவை வடிவில் புதுக் குழி தோண்டுகிறார்கள். நீங்கள் புதியவர் என்றால் பையைப் பிடிப்பதும் எண்ணிக்கை எழுதுவதும் உங்கள் வேலை. அதைப் பிழையில்லாமல் செய்யுங்கள்.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். பொரிப்பகத்துக்கு மேல் எவ்வளவு நிழல் கட்டுவது என்ற கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

மணல் குளிர்ந்த இரவில் குஞ்சுகள் ஒன்றையொன்று உந்தி மேலே வரும். ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடச் சற்றே சிறியது. கையில் ஏந்தி நீரில் விட மனம் துடிக்கும். வேண்டாம், அவை மணலில் தாமாக நடக்கட்டும். கயிறு கட்டி, அதற்குப் பின்னால் மக்களை நிறுத்துங்கள். இருட்டில் காலை நகர்த்தும் ஒருவர் தெரியாமலேயே குஞ்சை மிதித்துவிடலாம். படம் எடுக்கும் விளக்கைக் கண்டிப்பாக நிறுத்தச் சொல்லுங்கள். பார்க்க வந்த குழந்தைகளிடம் முன்பே காரணத்தைச் சொல்லிவிட்டால், பெரியவர்களை அவர்களே அடக்கிவிடுவார்கள்.

5. வெளிச்சம்

இருட்டுக் கரையில் கடல்பக்கத்து அடிவானம்தான் வெளிச்சமாகத் தெரியும். குஞ்சு அதை நோக்கி நடக்கப் பிறந்தது. கரையில் அதைவிடப் பிரகாசமான விளக்கு இருந்தால் சாலைக்குத்தான் போகும். அங்கே நாயும் காகமும் சக்கரமும் காத்திருக்கும். தப்பியவை காலை வெயிலில் காய்ந்துவிடும்.

டிசம்பரில் எடுத்த விளக்குக் கணக்கை வைத்து ஒவ்வொரு இடமாகப் போய்ப் பேசுங்கள். வீட்டு மாடியோ உணவகமோ விடுதியோ தெருவிளக்கோ, எதுவானாலும் கேட்க வேண்டியது எளிய உதவிதான். கடல்பக்கம் பார்க்கும் விளக்கை இரவு 11 மணிக்கு மேல் அணையுங்கள், முடியாவிட்டால் தரையை நோக்கித் திருப்பி மறைப்புக் கட்டுங்கள். “ஜனவரியிலிருந்து மே வரைக்கும் மட்டும்” என்று காலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லை தெரிந்த வேண்டுகோளுக்கு மக்கள் இசைவார்கள். தெருவிளக்குக்கு மாநகராட்சியிடமோ ஊராட்சியிடமோ கம்பத்தின் எண்ணைக் குறிப்பிட்டு மனுக் கொடுங்கள்.

6. அடும்பு நடுதல்

கடற்கரையில் மரம் நட்டால் நல்லது என்று எண்ணிச் செய்த வேலை கரையைக் கெடுத்ததும் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பல இடங்களில் சவுக்கை நீரோரம் வரை நெருக்கி நட்டார்கள். சவுக்கு இந்த மண்ணின் மரம் கிடையாது. அதன் நிழலும் உதிரும் ஊசிச் சருகும் மணலை மூடிவிடும், அங்கே அடும்பு வளராது. ஆமைக்கும் தோண்ட இடம் இருக்காது. சவுக்கை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு, ஆகவே இருப்பதை வெட்டச் சொல்லிப் போராட்டம் தொடங்க வேண்டாம். திறந்த மணலில் புதிதாக நடாமல் தடுத்தாலே பெரிய காரியம்.

அடும்பு நடுவதற்குக் காசு தேவையில்லை. அதே கரையில் செழித்திருக்கும் கொடியிலிருந்து முழ நீளத் துண்டுகளை வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கைந்து கணுக்களாவது இருக்கட்டும். ஒரே கொடியை மொட்டையடிக்காமல் ஆங்காங்கே எடுங்கள். மழை தொடங்கியதும் மணல்மேடு அறுபட்ட இடத்தில், இரண்டு மூன்று கணு மணலுக்குள் இருக்க, நுனி வெளியே தெரியப் படுக்கவைத்துப் புதையுங்கள். செம்மண்ணும் எருவும் போட வேண்டாம். போட்டால் ஊர்க்களைதான் முளைக்கும். இரண்டு முனையிலும் கழி நட்டுக் கயிறு கட்டினால் வண்டி ஏறாது.

ஆமை முட்டையிடும் காய்ந்த மணற்பட்டையில் நட வேண்டாம், மேட்டில் மட்டும் நடுங்கள். அங்கிருந்து எதுவரை படர்வது என்பதைக் கொடியும் அலையும் தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளும்.

துப்புரவு முகாம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெகிழி, கண்ணாடி, அறுந்த வலை ஆகியவற்றைக் கையால் பொறுக்குங்கள். கொடியில் சிக்கிய குப்பைக்காகக் கொடியைப் பிடுங்காதீர்கள். கடல் ஒதுக்கிய பாசியையும் கட்டைகளையும் அப்படியே விட்டுவிடுங்கள். நண்டும் பறவையும் தின்பது அவற்றில் வாழும் பூச்சிகளைத்தான்.

7. ஒதுங்கிய ஆமையும் மீனவரும்

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலையில் சிக்கி நெடுநேரம் நீருக்கடியில் கிடந்தால் மூச்சுமுட்டிச் சாகும். இறந்த ஆமையைக் கண்டால் தொடாமல் இடம், நேரம், ஓட்டின் நீள அகலம், காயம் இருந்தால் அதன் விவரம் ஆகியவற்றைக் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் பார்த்த பிறகே புதைக்க வேண்டும். எண்ணியாகிவிட்டதற்கு அடையாளமாக ஓட்டில் சாயக் குறியிடும் வழக்கம் இருக்கிறது, இரண்டாம் முறை எண்ணாதிருக்க அது உதவும்.

அந்த நேரத்தில் கோபம் வரும். கரையில் நிற்கும் முதல் மீனவர் மீது அதைக் கொட்டிவிடாதீர்கள். கரையை ஒட்டி இழுவலை இழுக்கும் பெரிய விசைப்படகு வேறு, குப்பத்திலிருந்து ஃபைபர் படகில் போகிறவர் வேறு. விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் தொழில் செய்யக் கூடாது என்ற விதியை மீறும்போது, ஆமையோடு சேர்ந்து சிறுபடகுக்காரரின் மீனும் வலையும் பறிபோகின்றன. இந்த விஷயத்தில் அவரும் ஆமையும் ஒரே பக்கம். இழுவலையிலும் ஆமை தப்பிப் போக வழிவிடும் கருவி பொருத்த முடியும். மீன்வளத் துறையிடம் மனுக் கொடுப்பதானால், குப்பத்துச் சங்கத்தோடு சேர்ந்து கொடுங்கள்.

உறவு மனுவோடு நின்றுவிடக் கூடாது. கரை குப்பத்தாரின் வாசல், நீங்கள் அங்கே விருந்தாளி. படகு ஏற்றும் இடத்திலும் வலை காயும் இடத்திலும் கொடி நடாதீர்கள். எந்தக் காற்றில் எந்தப் பக்கம் மணல் சேரும், முன்பு எங்கே ஆமை அதிகம் ஏறியது என்பதெல்லாம் முதியவர்களுக்குத் தெரியும். “ஐயா, உங்க சின்ன வயசுல இந்தக் கரை எப்படி இருந்துச்சு?” என்று ஒரு மாலை உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் பெயரோடும் தேதியோடும் எழுதிவைக்க அனுமதி கேளுங்கள்.

8. குறிப்பேடு

ஒவ்வொரு நடைக்கும் ஒரு பக்கம். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்று, நிலவு, கண்ட தடங்கள், முட்டை எண்ணிக்கை, இறந்த ஆமை, புதிதாக எரிந்த விளக்கு. ஒன்றுமே காணாத இரவையும் எழுதுங்கள். காணாத இரவுகளின் கணக்கும் சேர்ந்தால்தான் கண்ட இரவுகளுக்குப் பொருள் வரும். பத்து ஆண்டுகள் விடாமல் எழுதிய சாதாரண நோட்டு, மணல்மேட்டை இடித்துச் சாலை போட வரும் நாளில் ஊரின் கையில் இருக்கும் சாட்சி.

ஆமைக்குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்று வளர்ந்து திரும்பினாலே பெரிது என்பார்கள். அது திரும்பிவரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நீங்கள் கயிறு பிடித்து நின்ற இரவில் கடலுக்குள் போனது எது, திரும்பி வந்தது எது என்று உங்களால் ஒருபோதும் அடையாளம் காண முடியாது. அதனால்தான் இந்தத் தொண்டின் பெரும்பகுதி ஆமையை விட்டுவிட்டுக் கரையைப் பார்க்கச் சொல்கிறது. அது திரும்பும் இரவில் மணல் தோண்டும்படி இருக்க வேண்டும். மேட்டில் அடும்பு இருக்க வேண்டும். விளக்கு அணைந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் நம் கையில் உள்ளவை.

இந்த ஜனவரியில் ஒரே ஓர் இரவு போய் நடந்து பாருங்கள். போகும் முன் உங்கள் வீட்டு மொட்டைமாடி விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள். காவல் அங்கிருந்து தொடங்கட்டும்.